குட்டி தானாகப் புரளும்

மல்லாக்கப் போட்ட குட்டி இன்னும் புரளவில்லை. டாக்டர் இன்ஷிரா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசைமேல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறந்து மூன்று நாளான எலிக்குட்டி. மயிர் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, காலையில் குடித்த பால் வயிற்றுத் தோல் வழியே வெள்ளையாகத் தெரிகிறது. நான்கு காலாலும் காற்றை உதைக்கிறது. தலையை ஒரு பக்கம் திருகுகிறது. இதோ புரண்டுவிட்டது என்று நினைக்கும்போது பொத்தென்று பழையபடி மல்லாக்க விழுகிறது. பக்கத்தில் நிற்கும் புது மாணவி பொறுக்கமாட்டாமல் ஒரு விரலை நீட்டுகிறாள்.

“கை!” என்கிறார் டாக்டரம்மா, குட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. “கைய எடு. பாவமா இருக்கோ? பாவம் பாக்கறவ இந்த வேலைக்கு எதுக்கு வந்தே? நீ தள்ளிவிட்டா அது புரண்டதாகுமா? நீ புரட்டினதாகும். நான் உன்னை அளக்கல, அதை அளக்கறேன்.”

மாணவி கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். குட்டி மறுபடி தலையைத் திருகி, முன்னங்காலை ஊன்றி, இடுப்பை யாருடையதோ போல இழுத்து, குப்புற விழுகிறது. “மாஷா அல்லாஹ்” என்று டாக்டரம்மா முணுமுணுத்துக் கடிகாரத்தை அமுக்குகிறார். இருபத்தெட்டு வருடங்களாக இதைப் பார்க்கிறார். இன்னும் அந்த மாஷா அல்லாஹ் தேயவில்லை.

அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் தடத்தை ஒட்டிய ஒரு மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடிக் கோடியில் இருக்கிறது அந்த அறை. வெளியே கடல் புயல் சன்னலை அறைந்துகொண்டிருந்தாலும் உள்ளே ரொட்டி அடுப்பு மாதிரி கதகதவென்று இருக்கும். பச்சை எலிக்குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. குளிர்ந்துபோனால் புரளாது, ஊராது, கிடந்தது கிடந்தபடி கிடக்கும். அதனால் குளிர்காலம் வந்துவிட்டால் கல்லூரியில் அதுவரை ஆராய்ச்சி என்ற சொல்லையே கேட்டிராத பேராசிரியர்களுக்கெல்லாம் எலிகள்மேல் பாசம் பொங்கும். தேநீர்க் கோப்பையும் கையுமாக வந்து, “எப்படி இருக்காங்க குழந்தைங்க?” என்று விசாரித்தபடி சூடான இடமாகப் பார்த்து நிற்பார்கள்.

அவர்களை விரட்ட டாக்டரம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. வாசலிலேயே நிறுத்தி முகர்ந்து பார்ப்பார். அத்தர் பூசியவர் உள்ளே வரக்கூடாது. சவரம் செய்த கையோடு வாசனைத் தண்ணீர் தெளித்தவர் வரவே கூடாது. “என்ன சாப்பிட்டீங்க?” “ஈரல் சாண்ட்விச், டாக்டரம்மா.” “பூண்டு போட்டதா? போய் வாயைக் கொப்பளிச்சுட்டு நாளைக்கு வாங்க.” குட்டியைத் தொடும் கையுறையைக்கூட முதலில் அதன் தாய் படுத்த மரத்தூளில் போட்டுப் புரட்டிய பிறகுதான் போட்டுக்கொள்வார். அந்நிய வாசனை ஏறிய குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும், கோபம் வந்தால் தின்றேவிடும் என்பது அவர் பயம். இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சத்தத்தைப் பற்றிய சட்டம் அப்படியல்ல. அந்த அறையில் செருப்பைக் கழற்ற வேண்டும், நாற்காலியை இழுக்கக் கூடாது, தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓட வேண்டும். எலிக்குட்டிக்கு இரண்டாவது வாரம் வரை காது அடைத்தே இருக்கும். அதைப் பாடமாக நடத்துபவரும் டாக்டரம்மாதான். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் நெர்மின் ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டாள்.

“டாக்டரம்மா, இதுங்களுக்குத்தான் காதே திறக்கலியே?”

“எனக்குத் திறந்திருக்கே.”

மனிதர்களையும் அவர் குட்டிகளின் கணக்கில்தான் நிறுப்பார். முதல் வாரத்தில் குட்டிக்கு முன்னங்கால் மட்டும் வேலை செய்யும், பின்னங்கால் வெறுமனே இழுபடும். அதனால் அது முன்னே போகாது, தன்னைத் தானே சுற்றும். கல்லூரி முதல்வர் ஒவ்வொரு கூட்டத்திலும் புதுத் திட்டம் அறிவிப்பார். டாக்டரம்மா பக்கத்து நாற்காலியின் காதில் சொல்வார்: “பாவம், அஞ்சாம் நாளு. துடுப்பு நல்லா போடறாரு. பின்னங்கால்தான் இன்னும் வரல.” துணை முதல்வரைப் பற்றிக் கேட்டால், “அவரைச் சரிவுல தலைகீழா விட்டுப் பாரு, கண்ணைத் திறக்காமலே மேல் பக்கம் எதுன்னு கண்டுபிடிச்சுத் திரும்பிடுவாரு. பிறவி ஞானம்” என்பார். மேசை விளிம்பில் விட்ட குட்டி பின்வாங்குகிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. டிராம் குலுங்கி நின்றால் ஓட்டுநருக்கும் அதில் மதிப்பெண் உண்டு: “விளிம்பு தெரியுது. பின்வாங்கத்தான் தெரியல.”

இப்படி ஊரையே அளந்து வைத்திருப்பவர் அளக்காமல் விட்ட ஒரே ஆள் தன் மகன்.

ஹாத்திமுக்கு முப்பத்தொரு வயது. கட்டுமானப் பொறியியல் படித்தவன். அம்மாவின் மாமா மகன் நடத்தும், குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓடு விற்கும் கடையில் தொழில்நுட்ப ஆலோசகர். அதாவது நீல ஓட்டுக்கு வெள்ளைத் தொட்டி பொருந்துமா என்று கேட்பவர்களுக்குப் பொருந்தும் என்று சொல்லும் வேலை. அதையும் டாக்டரம்மாதான் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் மீன் பொரித்தால் முள் எடுத்த பிறகுதான் தட்டு அவன் முன்னால் வரும். சட்டையின் மேல் பொத்தானை அவன் இதுவரை தன் கையால் போட்டதில்லை. முடிதிருத்தும் கடையில் அம்மா பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, “காதுகிட்ட கொஞ்சம் விடுங்க” என்பார். மருத்துவரிடம் போனால், “எங்களுக்கு ரெண்டு நாளா தொண்டை வலி” என்பார். ஊரில் எல்லாப் பையன்களையும் பிடித்துப் புரட்டிப் போட்டு நிமிர்த்துகிற கட்டாய ராணுவப் பணியாவது இவனை ஒரு கை பார்த்திருக்கலாம். ஒரே மகனைச் சேர்ப்பதில்லை என்ற விதியால் அதுவும் விட்டுவிட்டது.

கல்யாணம் ஒன்று நகைக்கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் மோதிரத்தை நீட்டினார். ஹாத்திம் அதை எந்த விரலால் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரம்மா வாங்கி, பெண்ணின் கையைப் பிடித்து விரலில் போட்டே விட்டார். “அளவு சரியா இருக்கு பாரு!” என்று பூரித்தார். பெண் மோதிரத்தைக் கழற்றி வெல்வெட் பெட்டியில் வைத்தாள். “போட்டது நீங்க. அப்ப நான் உங்களைத்தானே கட்டிக்கணும், அத்தை?” என்று கேட்டுவிட்டுப் போனவள்தான்.

நெர்மின் ஒரு தடவை மென்று விழுங்கி இந்தப் பேச்சை எடுத்தாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். “எலி வேற, புள்ள வேற. எலிக்கு மூணு வாரத்துல பாலை மறக்கடிக்கணும்னு புத்தகத்துல இருக்கு. மனுஷப் புள்ளைக்கு எந்தப் புத்தகத்துல நாள் குறிச்சிருக்கு? காட்டு பாப்போம்.”

கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஹாத்திமின் தகப்பனார் ஒருநாள் காலை டிராமில் ஏறினார். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது பையனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இப்ராஹிமியா பேட்டையின் அந்த நாலாம் மாடி வீட்டில் சாவியைத் திருப்பும்போது உள்ளே இன்னொரு ஆளின் செருப்புச் சத்தம் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் டாக்டரம்மா கடவுளிடம் கேட்பது.

சென்ற மாதப் புயலின்போதுதான் நெர்மின் அந்தத் தவறைச் செய்தாள். ஒன்பது நாள் குட்டிகளுக்கு ஒரு சோதனை. நீளப் பெட்டியின் ஒரு கோடியில் குட்டியை விட வேண்டும், மறு கோடியில் அதன் கூட்டு மரத்தூள் இருக்கும். வாசனையைப் பிடித்துக்கொண்டு குட்டி எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறது என்று படம் பிடிக்க வேண்டும். தொடங்குமுன் தாயைத் தூக்கி வேறு கூண்டில் விடுவதுதான் முதல் வேலை. அன்று மின்சாரம் போய் அறை குளிர்ந்துவிட்டது. குட்டிகள் விறைத்துப் போய்விடுமே என்ற இரக்கத்தில் நெர்மின் தாயைக் கூட்டிலேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் படத்தைப் போட்டுக் காட்டினாள். குட்டியைக் கோடியில் விட்டதும் தாய் பாய்ந்து வருகிறது, பிடரியைக் கவ்வுகிறது, கூட்டில் கொண்டுபோய்ப் போடுகிறது. அடுத்த குட்டி, அதே கதை. அதற்கடுத்ததும் அப்படியே. “ஒண்ணுகூட நகரல, டாக்டரம்மா. சினையா இருக்கறப்ப தாய்க்குக் கொடுத்த மருந்தோட பாதிப்போ என்னவோ” என்றாள் நெர்மின்.

டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்!

“நகரலைங்கறியே, நகர விட்டியாடி? தாய் உள்ள இருக்கறப்ப குட்டி எதுக்கு நகரணும்? அதுக்கென்ன பைத்தியமா? கவ்வினதும் பாரு, காலை மடக்கிக்கிட்டுச் செத்த மாதிரி தொங்குது. சுகமா இருக்கு அதுக்கு! குட்டிக்கு ஒரு ஊனமும் இல்ல. நீ அளந்தது குட்டியையே இல்ல, அதோட ஆத்தாளை! முதல்ல தாயை வெளிய எடு. அதுக்கப்புறம் வந்து சொல்லு, குட்டிக்குக் காலு இருக்கா இல்லையான்னு!”

எலிகளுக்குத் தீனி வைக்கும் ஹாஜி பக்ரி, ஏற்கெனவே துடைத்த கூண்டை எடுத்து மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தார். நெர்மின் தலைகுனியவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஹாத்திம் நின்றிருந்தான். அம்மா மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தவன், அதை விரிக்காமலேயே கொண்டுவந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

எதையும் உணராதவர் டாக்டரம்மா ஒருவர்தான். “ஐயோ, என் கண்ணு வெளிச்சமே, நனைஞ்சுட்டியே!” என்று ஓடிப்போய், அலமாரித் துண்டை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையிலும் மகனின் தலையைக் குனியவைத்துத் துவட்டத் தொடங்கினார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அம்மா, எனக்கு சஃபாகா துறைமுகத்துல வேலை கெடச்சிருக்கு.”

துண்டு நின்றது.

“எங்கே?”

“சஃபாகா. செங்கடல் பக்கம்.”

“யாருடா சொல்லி வச்சது?”

“யாரும் இல்ல. நானே எழுதிப் போட்டேன்.”

“நானேன்னா?”

“நானேதாம்மா. ஞாயித்துக்கிழமை வந்து சேரணும்னு சொல்லிட்டாங்க. சேரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம். இத விட்டா எனக்கு ஓட்டுக் கடைதான், சாகற வரைக்கும்.”

டாக்டரம்மா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்த வாரம் முழுவதும் மகனை மீட்கும் படையெடுப்பு நடந்தது. முதலில் புயலைக் கூப்பிட்டுப் பார்த்தார். “இந்தக் காத்துல எந்த வண்டி போகும்?” புயல் அன்று மாலையே ஓய்ந்துபோனது. அடுத்தது ரத்த அழுத்தம். ஹாஜி பக்ரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு திரும்பத் திரும்ப அளந்தார். கருவி ஒவ்வொரு தடவையும் இருபது வயதுப் பெண்ணுக்கு உரிய அளவையே காட்டியது. “கருவி கெட்டுப்போச்சு” என்றார். “ஆமா, டாக்டரம்மா, முந்தாநேத்துதான் புதுசா வந்தது” என்றார் பக்ரி. ஓட்டுக் கடை மாமா மகனைக் கூப்பிட்டு ஹாத்திமைத் தலைமை ஆலோசகராக உயர்த்தச் சொன்னார். அவரும் பெருந்தன்மையாக உயர்த்தினார். அங்கே மொத்தமே ஒரு ஆலோசகர்தான்.

ஹாத்திம் ஒன்றுக்கும் வாதாடவில்லை. கடைத்தெருவுக்குப் போய்த் தானாக ஒரு பெட்டி வாங்கிவந்தான். அவனுக்குத் தெரிந்த பேரத்தில் வாங்கியது. ஒரு சக்கரம் சுற்றாது. வியாழக்கிழமை டாக்டரம்மா சட்டென்று அடங்கிப்போனார். வெள்ளிக்கிழமை முட்டைக்கோஸ் இலையில் அரிசியைச் சுருட்டிச் சுருட்டிப் பானை நிறைய வேகவைத்தார். வாயில் ஒரு புலம்பல் இல்லை. “மனசைத் தேத்திக்கிட்டாங்க, பாவம்” என்று நெர்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருடமாகக் கூட இருக்கும் பக்ரி மட்டும், “எனக்கென்னவோ பயமா இருக்கு” என்றார்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் விஷயம் வெளியே வந்தது. வழியனுப்ப வந்த டாக்டரம்மாவின் கையிலும் ஒரு பெட்டி இருந்தது. கைப்பையிலிருந்து பயணச்சீட்டை எடுத்தார். பக்கத்துப் பக்கத்து இருக்கை.

“ஒரே ஒரு மாசம்டா. லீவு போட்டுட்டேன். திரை மாட்டி, அடுப்பு வச்சு, எந்தக் கடையில மீனு நல்லாருக்கும்னு பாத்துட்டு வந்துடறேன். நீ அந்த வெயில்ல என்ன பண்ணுவே?” பிறகு நடத்துநரைப் பார்த்து, “தம்பி, எங்க பெட்டியை மேல வைங்க. பின்னாடி உக்காந்தா எங்களுக்குக் குமட்டும்” என்றார்.

ஹாத்திமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சன்னலோர இருக்கையில் அம்மா அமர்ந்து, அவன் கழுத்துத் துணியைச் சரிசெய்யும்வரை சும்மா இருந்தான். ஓட்டுநர் ஏறி இஞ்சினை முடுக்கினார். அவன் கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை இழுத்தான். பிறகு எழுந்தான். மேல் தட்டிலிருந்த அம்மாவின் பெட்டியை இழுத்தான். அது கம்பியில் மாட்டிக்கொண்டது. திருகினான், தோளைக் கொடுத்தான், முன்னால் இருந்தவரின் தலையில் இடித்து மன்னிப்புக் கேட்டான். ஒருவழியாக இறக்கி, கீழே கொண்டுபோய் நடைபாதையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

“அம்மா, எறங்கு.”

“என்னடா இது?”

“நீ கூட வந்தா சோதனை கெட்டுப்போயிடும்மா.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நெஞ்சைப் பிடித்திருந்தால் போதும், வண்டி முழுக்க அவர் பக்கம் சாய்ந்திருக்கும். பின் இருக்கைக் கிழவி ஒருத்தி அதற்குள் தொடங்கிவிட்டாள்: “பெத்தவளை எறக்கி விடறியே, நீயெல்லாம் ஒரு புள்ளையா? உருப்படுவியா?”

டாக்டரம்மா விருட்டென்று திரும்பினார். “ஹாஜ்ஜா, உங்க வேலையைப் பாருங்க. யாரைப் பாத்து உருப்படுவியான்னு கேக்கறீங்க?” என்று பொரிந்துவிட்டு, அந்தக் கோபத்திலேயே எழுந்து, அந்தக் கோபம் ஆறுவதற்குள் படியிறங்கிவிட்டார்.

அம்மா கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்ட, முட்டைக்கோஸ் பானை இருந்த சோற்றுப் பையை வாங்கிக்கொள்ள ஹாத்திம் பின்னாலேயே இறங்கினான். பை கனம் தாங்காமல் கிழிந்தது. பானை தப்பித்தது, மேலே வைத்திருந்த ஆரஞ்சுகள் தப்பவில்லை. அத்தனையும் நிலையம் முழுக்க உருண்டோடின. நடத்துநர் கத்தினார், ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த கால்சட்டையோடு மண்டியிட்டு, பெஞ்சுக்கு அடியிலும் அடுத்த வண்டியின் சக்கரத்துக்கு அருகிலும் தவழ்ந்து அவன் பொறுக்கினான். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. டாக்டரம்மா பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

ஒரு பழம் அவர் காலடிக்கு வந்து நின்றது. எடுத்தார். எடுத்த வேகத்தில் பெருவிரல் நகம் தோலுக்குள் இறங்கிவிட்டது. உரிக்கத் தொடங்கிவிட்டது கை. ஆரஞ்சு வாசனை குப்பென்று எழுந்தது. முட்டியெல்லாம் புழுதியாக ஹாத்திம் மூச்சு வாங்க வந்து நின்று கையை நீட்டினான். டாக்டரம்மா நகத்தை வெளியே எடுத்தார். கீறிய தோலை அதன் இடத்தில் அமுக்கி வைத்து, பழத்தை உரிக்காமல் அப்படியே அவன் உள்ளங்கையில் வைத்தார்.